கடல்மீனுக்கு நோயா? இன்று இரவு கேளுங்கள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் 19 வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன். மருந்துப் பெயர் கேட்கும் முன் இரண்டு விவரம் எழுதுங்கள்: நிமிடத்துக்குச் செவுள் எத்தனை முறை அடிக்கிறது? கடைசியாகப் புது மீன் எப்போது உள்ளே போனது?

பட்டர்வொர்த்: அண்ணே, நீமோ மீன் மேல வெள்ளையா, வழவழன்னு தோல் உரியுது. காப்பர் மருந்து போட்டு 2 நாள் ஆச்சு, குறையல.

குறையாது தங்கச்சி. இது புரூக்லினெல்லா, நீமோ வகைகளை அதிகம் தாக்கும் ஒட்டுண்ணி. காப்பர் இதைத் தொடாது, ஃபார்மலின் மருந்துதான் வேலை செய்யும். அது கைக்கு வரும்வரை, குளோரின் நீக்கிய, உப்பில்லாத நல்ல தண்ணீரை டேங்க் சூட்டுக்கும் பிஎச்சுக்கும் கொண்டுவந்து, 3 முதல் 5 நிமிடம் மீனை அதில் விட்டு எடுங்கள். மீனுக்கு மூச்சு விடக் கொஞ்சம் சுலபமாகும். ஃபார்மலின் போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வாங்காதீர்கள், அந்தப் படிவு மீனுக்கு விஷம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

பங்சார்: பவுடர் புளூ டேங் மீன் உடம்புல உப்புத் தூவுன மாதிரி புள்ளி. பூண்டு கொடுத்தா 4 நாள்ல போயிடுச்சு. இப்ப திரும்பி வந்திருக்கு, முன்னைவிட நிறைய.

பூண்டு விரட்டவில்லை தம்பி. இது ஒயிட் ஸ்பாட், அதாவது வெள்ளைப் புள்ளி நோய். இந்தக் கிருமி மீன் உடம்பில் சில நாள் தின்று, தானாகவே கழன்று விழும். மணலிலும் கல்லிலும் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளேயே பல நூறாகப் பிரிந்து, பெரும்பாலும் இருட்டில் வெளியே வரும். நீங்கள் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்ட அந்த நாட்களில் அது கீழே பெருகிக்கொண்டிருந்தது.

எல்லா மீனையும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். மணல், கல் வேண்டாம், ஒளிய பிவிசி குழாய் போதும். அயனி காப்பர் என்றால் 0.15 முதல் 0.20 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு), 30 நாள், தினமும் டெஸ்ட். கீலேட் வகைக் காப்பருக்கு அளவு வேறு, டெஸ்ட் கிட்டும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். அம்மோனியாவையும் பாருங்கள். பெரிய தொட்டியை 76 நாள் மீன் இல்லாமல் விடுங்கள், தின்ன மீன் கிடைக்காமல் கிருமி சாகட்டும். அங்கே காப்பர் ஊற்றவே கூடாது: பவளம், இறால் சாகும், கல் உறிஞ்சிக்கொள்ளும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: தம்பி, பயமுறுத்தாதீங்க. ஒயிட் ஸ்பாட் எல்லா டேங்க்லயும் இருக்கும். மீன் சோர்ந்தாதான் வெளிய தெரியும். 12 வருஷமா நான் மருந்தே போட்டதில்ல.

அண்ணே, உங்கள் மரியாதைக்குக் குறைவில்லாமல் மறுக்கிறேன். இது காற்றில் வருவதில்லை. புது மீன், ஈரமான பவளம், நத்தை ஓடு, கடைத் தண்ணீர், இவற்றில் ஏறித்தான் வரவேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அப்ப என் டேங்க்ல சில்லர் (தண்ணி குளிர வைக்கிற மெஷின்) கெட்ட வாரம் மட்டும் புள்ளி வந்துச்சே, எப்படி? புது மீன் வாங்கி 2 வருஷம்!

நல்ல கேள்வி. பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்பு வரும். அப்போது கிருமி செவுளுக்குள் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் காலம் தள்ளும். சூடு ஏறி மீன் தளர்ந்ததும் பெருகும். அதனால் உங்கள் டேங்க்கில் இருக்கிறது என்பது சரி, எல்லா டேங்க்கிலும் இருக்கிறது என்பது தவறு. பர்ஜஸ், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் 1994இல் மீன் மாற்றி மீன் வளர்த்துப் பார்த்தபோது, ஒரே வம்சத்துக் கிருமி 34 வாழ்க்கைச் சுற்றைத் தாண்டவில்லை. உங்கள் 12 வருடத்தில் அது நீடித்திருந்தால், இடையில் ஏதோ ஈரமாக உள்ளே போயிருக்கிறது. பவளமா?

பிரிக்ஃபீல்ட்ஸ்: ...பவளம் மாசாமாசம் வாங்குறேன்.

அதையும் 76 நாள் மீன் இல்லாத தொட்டியில் வையுங்கள் அண்ணே. என் முதல் டேங்க்கில் 7 மீன் போனது ஒரே ஒரு காளான் பவளத்தால்.

செராஸ்: பூண்டு எத்தனை பல்லு போடணும்?

மேலே பங்சார் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

கிள்ளான்: கோல்டு ஃபிஷ் தலைகீழா மிதக்குது.

நன்னீர் மீன் என் துறை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

தஞ்சோங் பூங்கா: பத்து ஃபெரிங்கி கடல் தண்ணி எடுக்கலாமா?

வேண்டாம். கரையோரத் தண்ணீரில் கழிவும் கிருமியும் சேர்ந்தே வரும். நல்ல தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கான உப்பைக் கலக்குங்கள்.

ஜெலுத்தோங்: பூண்டு இல்லாம, சுத்தம் செய்யற இறால் விட்டா ஒயிட் ஸ்பாட்...

போகாது. புது மீனைத் தனியே வையுங்கள்.

சுங்கை ஆரா: அண்ணே, செவுள் 130. நேத்து வாங்குன மீன், பவுடர் மாதிரி மஞ்சளா இருக்கு, வேவ்மேக்கர் (தண்ணியில அலை உண்டாக்குற விசிறி) முன்னாடியே நிக்குது. காலையில பார்த்துக்கலாமா?

காலை வரை தாங்காமல் போகலாம். இது வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயாகத்தான் இருக்க வேண்டும், செவுளை அடைத்துக் கொல்லும். விளக்கை அணையுங்கள். பட்டர்வொர்த் தங்கச்சிக்குச் சொன்ன நல்ல தண்ணீர்க் குளியலை இப்போதே கொடுத்து, உப்புத் தண்ணீர் நிரப்பிய தனி வாளியில் ஏர் பம்ப்புடன் விடுங்கள். காப்பர் இருந்தால் அங்கே இன்றிரவே ஆரம்பியுங்கள். படம் பிறகு எடுக்கலாம். 1 மணிக்குச் செவுளை எண்ணி எழுதுங்கள், விழித்திருக்கிறேன்.