நிழல் தெருவில் குடித்தனம்: வாசகர் கேள்வி – பதில்

சென்னையில் நகரின் நடுவிலோ அதை ஒட்டியோ, மரங்கள் அடர்ந்த அமைதியான தெருக்களில் குடியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அடையாறு காந்தி நகரில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்திருக்கிறோம். தெரு முழுக்க நிழல். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, வியாசர்பாடி

சாயங்காலம் போகாதீர்கள். பகல் பதினொரு மணிக்குப் போய், லைட் போடாமல் அந்தச் சமையலறையில் அரிசியில் கல் பொறுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வருஷம் முழுக்கப் பகலிலும் விளக்கு எரியும். கரண்ட் பில்லில் தெரியும். வெயில் படாத வடக்குச் சுவர் மழைக்காலத்தில் காயவே காயாது. பரண், பீரோ வைத்திருந்த மூலை, குளியலறைக்கு முதுகு கொடுத்த சுவர் மூன்றிலும் மூக்கை வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டடிக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

பிறகு வாசலில் நின்று தெருவைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் பல பழைய வீடுகள் தெருவைவிடப் பள்ளமாகிவிட்டன. மீட்டர் பெட்டி இடுப்புக்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். ஆற்றுப் பக்கத் தெரு என்றால், 2015 டிசம்பர் வெள்ளம் எதுவரை வந்தது என்று முனையில் இருக்கும் இஸ்திரிக்காரரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்டுப் பயனில்லை. கடைசியாக, சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்சுவரில் பழுப்பு முடிக்கற்றை மாதிரி வேர் தொங்கினால் சம்ப்பில் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: வீட்டு வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒரு கிளை மொட்டை மாடிக்கு மேலே வந்துவிட்டது. மழைக்கு முன் மரத்தை மொட்டையடித்துவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரியா?
– வாசகர், கோட்டூர்புரம்

சரியில்லை. மொட்டையடித்த மரம் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்க செழிப்பாக இருக்கும். ஆனால் அந்தத் துளிர்கள் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்பவை; மரத்தின் உள்வைரத்தோடு அவற்றுக்கு ஒட்டில்லை. நான்கைந்து வருஷத்தில் கனம் ஏறியதும் ஒவ்வொன்றாகப் பிய்ந்து விழும். வெட்டுவாய் வழியாகத் தண்ணீர் இறங்கி நடுத்தண்டும் உளுக்கும். ஆபத்தைத் தள்ளிப்போட்டு இரட்டிப்பாக்கும் வேலை அது.

உங்களுக்கு வேண்டியது அந்த ஒரு கிளையை முறையாக எடுப்பது. தெருவோர மரம் மாநகராட்சியுடையது; நீங்களாக ஆள் வைத்து வெட்டக் கூடாது. 1913-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். கம்பியில் உரசுகிறது என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கும் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே யாரும் ஏறவேண்டும். முழு மரத்தையும் எடுப்பதானால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை. இதையெல்லாம் ஜூலை, ஆகஸ்டிலேயே முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் பிடித்துவிட்டால் ஊரே கூப்பிடும். உங்கள் முறை வராது.

ஆள் வந்ததும் கீழே நின்று வேலையைப் பாருங்கள். கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று அறுப்பு. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்கும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேலிருந்து இரண்டாவது. கிளை சுத்தமாக விழும். மிச்சமிருக்கும் குட்டையை மூன்றாவதாக அறுக்க வேண்டும். கிளை தொடங்கும் இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே. மரம் காயத்தை மூடிக்கொள்வது அந்தப் புடைப்பிலிருந்துதான். தண்டோடு ஒட்ட வழித்து அறுத்தால் அது போய்விடும். சிமென்ட், தார், பெயின்ட் எதையும் பூச வேண்டாம். ஈரம் உள்ளே சிக்கி அழுகும். ஒரு வருஷத்தில் கால் பங்குக்கு மேல் தழையை எடுக்காதீர்கள். கம்பிப் பக்கம் மட்டும் வழித்துவிட்டு வீட்டுப் பக்கக் கனத்தை அப்படியே விடுவதும் தப்பு. காற்றடித்தால் மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நாமே முடிவு செய்தது போலாகும்.

ஆனால் மரம் விழுவதை முடிவு செய்வது பெரும்பாலும் தரைக்குக் கீழே இருப்பது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயலில் பெருங்கொன்றை, குல்மோஹர், தூங்குமூஞ்சி என்று ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்தவற்றில் பலவற்றின் அடியில் ஒரு பக்கம் வேரே இல்லை. மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டியபோது வெட்டியிருந்தார்கள். மறுபக்கம் நடைபாதை சிமென்ட் தண்டை இறுக்கியிருந்தது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான் ஓடுகிறது, அதுவும் தழை நிழலைத் தாண்டி. உங்கள் மரத்தடியில் சிமென்ட் இருந்தால் தண்டைச் சுற்றி ஒரு மீட்டருக்காவது உடைத்தெடுக்கச் சொல்லிப் புகார் கொடுங்கள். டெல்லி மரங்களுக்கு 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த அளவும் அதுவே.

எப்போது பயப்பட வேண்டும்? சின்ன வயதிலிருந்தே சாய்ந்து, நுனி மேல்நோக்கித் திரும்பிய மரம் பெரும்பாலும் நிற்கும். புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தால் அன்றே சொல்லுங்கள். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலும் அப்படியே.

கேள்வி: மொட்டை மாடியில் ஒரு மழைக்கே குளம் கட்டிவிடுகிறது. சருகுதான் காரணமா?
– வாசகி, அபிராமபுரம்

பாதி சருகு, பாதி குழாய்க் கணக்கு. மணிக்கு பத்து செ.மீ. வேகத்தில் கொட்டும் மழைக்கு நாலங்குலக் குழாய் ஒன்று ஏறக்குறைய 400 சதுர அடி மாடியைத்தான் சமாளிக்கும். உங்கள் மாடி 1,200 சதுர அடியாக இருந்து இரண்டே குழாய் இருந்தால் சருகே இல்லாவிட்டாலும் தேங்கும்.

குழாய் வாயில் தட்டையான ஜல்லடை போட்டிருப்பீர்கள். நாலு புங்க இலை படிந்தால் தட்டு மூடியது மாதிரி அடைத்துக்கொள்ளும். கூண்டு மாதிரி உயர்ந்து நிற்கும் ஜல்லடை வாங்கிப் போடுங்கள். அடியில் இலை சேர்ந்தாலும் பக்கவாட்டில் தண்ணீர் இறங்கும். சன்ஷேடுகளையும் கூட்டச் சொல்லுங்கள். அங்கே சருகுக்கு அடியில் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பறந்துவிடும்.

மாடித் தண்ணீர், மணலும் ஜல்லியும் போட்ட மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது என்றால் செப்டம்பரில் அதையும் திறக்க வேண்டும். 2003-ல் அரசு கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டிகள் பலவற்றில் இலை மக்கி, மேல் மணல் களி மாதிரி இறுகிக் கிடக்கிறது. மேல் அரையடி மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை விரித்தால் அடுத்த வருஷம் வேலை சுலபம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு செ.மீ. மழை என்பது 900 லிட்டருக்கு மேல். அத்தனையும் தெருவுக்குப் போக விடாதீர்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழிவுநீர் அடைத்துக்கொள்கிறது. சேம்பரைத் திறந்தால் ஒரே வேர். மரத்தை எடுத்துவிடலாமா?
– வாசகர், நுங்கம்பாக்கம்

வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு வராது. கசியும் இடத்தைத் தேடி வரும். பழைய பீங்கான் குழாய்களின் சிமென்ட் இணைப்பு விட்டுப்போய், அந்த ஈரத்துக்கு சல்லிவேர் நுழைந்திருக்கிறது. மரத்தை எடுத்தாலும் கசிவு நிற்காது. மயில்துத்தம், ஆசிட் ஊற்றுவதால் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சேம்பரிலிருந்து சேம்பர் வரை பி.வி.சி. குழாயாக மாற்றுங்கள். நாலங்குலக் குழாய்க்கு 40 அடி நீளத்துக்கு ஓரடி சாய்வு. மரத்துக்குப் பக்கத்தில் இயந்திரம் வேண்டாம். கடப்பாரையும் கையுமாகத் தோண்டச் சொல்லுங்கள். இரண்டங்குலத்துக்கு மேல் தடித்த வேர் குறுக்கே வந்தால் வெட்டாமல் அதற்கு அடியில் குழாயை விடுங்கள்.

கேள்வி: காரை மரத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பிசின், பறவை எச்சம், காலையில் வௌவால் கறை. என்ன செய்வது?
– வாசகர், காந்தி நகர்

காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள்; எச்சத்தில் மணல் இருக்கும், பெயின்டில் கீறல் விழும். ஈரத்துணியை ஐந்து நிமிஷம் மேலே போட்டு ஊறியதும் துடைத்தெடுங்கள். அன்றைக்கே செய்வது முக்கியம். வௌவால் பழத்துக்கு வருவது. நாட்டுவாதுமையும் நாவலும் காய்த்து ஓய்ந்தால் போய்விடும். அதுவரை இரண்டு மரம் தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: வாட்ச்மேன் சருகைக் கூட்டி எரிக்கிறார். வேறு வழி?
– வாசகி, பெசன்ட் நகர்

எரிப்பது திடக்கழிவு விதிகளின்படி குற்றம். கோழிவலையை வளைத்து மூன்றடி அகலம், மூன்றடி உயரத்தில் கூண்டு கட்டுங்கள். அரையடி சருகு, மேலே ஓரங்குலம் காய்கறித் தோல், கொஞ்சம் சாணக் கரைசலோ புளித்த மோரோ. இப்படியே மேலே மேலே. நாட்டுவாதுமை, மா இலை மெழுகு பூசியது மாதிரி இருக்கும், கிழித்துப் போட வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறினால் மூன்று நான்கு மாதத்தில் உரம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகைச் சேருங்கள். உள்ளே கைவிட்டால் சூடே இல்லையென்றால் காய்ந்துவிட்டது, அல்லது தோல் போதவில்லை.

கேள்வி: அமைதிக்காகவே இந்தத் தெருவுக்கு வந்தோம். பக்கத்தில் கட்டட வேலை, இரவிலும் ஜல்லி இறக்குகிறார்கள். மதிலோரம் மரம் நட்டால் சத்தம் குறையுமா?
– வாசகர், கோட்டூர்புரம்

ஒற்றை வரிசை மரம் சத்தத்தைத் தடுப்பது மிகக் குறைவு. மறைப்பதால் குறைந்தது போல மனசுக்குத் தோன்றும். சத்தம் ஜன்னல் இடுக்கு வழியாக வருகிறது. படுக்கையறை ஜன்னல் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டுவது மரத்தைவிடப் பலன் தரும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. லாரி நிற்கும்போதே, நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.