அடுத்து கேரளாவுடன் ஹோம் மேட்ச்: கேள்வி பதில்

அடுத்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து மேட்ச்சுக்கு கேரளா பிளாஸ்டர்ஸ் நம் ஊருக்கு வருகிறது. பெரியமேடு நேரு ஸ்டேடியம், இரவு 7.30. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் கேட்டவற்றில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஸ்கோர் என்ன வரும் என்ற கேள்விகளை மட்டும் ஓரம் கட்டிவிட்டேன். அதற்குக் கிளி ஜோசியம் இருக்கிறது.

அண்ணா, லைன்-அப் எத்தனை மணிக்கு வரும்? வந்ததும் அதில் எதைப் பார்க்க வேண்டும்? (அம்பத்தூர்)

கிக்-ஆஃபுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, அதாவது ஆறரை வாக்கில் வரும். எல்லோரும் முதலில் ஃபார்மேஷனைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் வெளிநாட்டு வீரர்களை எண்ணுங்கள். நம் லீக்கில் ஒரே நேரத்தில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் இருக்கலாம். தொடக்கத்திலேயே நால்வரும் உள்ளே என்றால், பெஞ்சில் இருக்கும் வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை இறக்க இன்னொரு வெளிநாட்டவரை வெளியே எடுத்தாக வேண்டும். அந்த இன்னொருவர் சென்டர் பேக் (நடு டிஃபன்டர்) என்றால் கோச் எளிதில் கை வைக்கமாட்டார். எழுபதாவது நிமிடத்தில் ஸ்டாண்டே சேர்ந்து “ஏன்யா அவனை இறக்கல?” என்று கத்துவதற்குப் பதில் பெரும்பாலும் ஆறரை மணிப் பட்டியலிலேயே இருக்கும்.

மாற்று வீரர்கள் ஐந்து பேர். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று வாய்ப்புதான். இடைவேளை கணக்கில் வராது. இரண்டு வாய்ப்பை ஒவ்வொருவராக மாற்றியே செலவழித்துவிட்டால், மிச்சமுள்ள மூன்று பேரையும் ஒரே தடவையில் இறக்க வேண்டியதுதான்.

யார் யார் சஸ்பென்ஷன் ஓரத்தில் இருக்கிறார்கள் என்று எப்படிக் கணக்கு வைப்பது? (ஆவடி)

நான்கு மஞ்சள் கார்டு சேர்ந்தால் ஒரு மேட்ச் வெளியே. மூன்று வாங்கியவர்களின் பெயரை மட்டும் குறித்து வைத்தால் போதும். எதிரணியிலும் குறியுங்கள். மூன்று மஞ்சளோடு இறங்கும் டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் கவுன்டர் அட்டாக்கை (பந்தைப் பறித்ததும் பாயும் தாக்குதலை) ஃபவுல் செய்து நிறுத்தத் தயங்குவார். அவர் பக்கமாகப் பந்தை ஓட்டுகிறோமா என்று பாருங்கள்.

கார்னர் வந்தால் எல்லோரும் எழுந்து கத்துகிறோம், கோல்தான் வருவதில்லை. என்னதான் தப்பு? (வியாசர்பாடி)

கால்பந்து ஊரான வியாசர்பாடிக்காரர் கேட்டால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஃபைனல். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்து பெங்களூருவுக்கு லீட். அதைத் திருப்பியது மைல்சன் ஆல்வெஸின் இரண்டு ஹெடர்கள், 17-லும் 45-லும். இரண்டும் கார்னர். அடித்தவர் சென்டர் பேக். 3-2 என்று கோப்பை நமக்கு. ஆக, கார்னரை வெறும் சத்தம் போடும் நேரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கார்னர் எடுக்கும் முன் பத்து விநாடி கிடைக்கும். அதில் பார்க்க மூன்று இடங்கள் உண்டு.

முதலில் எதிரணி டிஃபன்டர்கள். கோலுக்கு முன்னால் உள்ள சின்ன பாக்ஸின் கோட்டில் வரிசையாக நின்றால் இடத்தைக் காக்கிறார்கள். ஆளுக்கு ஒருவரை ஒட்டி நின்றால் ஆளைக் காக்கிறார்கள். இடத்தைக் காப்பவர் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறார். பெனால்டி புள்ளிப் பக்கமிருந்து ஓடிவந்து குதிப்பவருக்கு அங்கே உயரம் கூடுதல். ஆளைக் காக்கும் அணிக்கு எதிராக ஓட்டம் மட்டும் உதவாது. நம் ஆள் ஒருவர் குறுக்கே நின்று வழி மறைத்துக் கொடுத்தால்தான் ஹெடர் அடிப்பவர் கழன்று வருவார்.

அடுத்து பாக்ஸின் விளிம்பு. வெட்டிவிட்ட பந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். நம் ஆட்கள் குறைந்தது இருவர் அங்கே இல்லையென்றால் அந்தக் கார்னர் ஒரே அடியோடு முடிந்தது.

கடைசியாகப் பின்பக்கம். அவர்கள் ஒருவரை மேலே விட்டிருந்தால் நம்மிடம் இருவர், இருவரை விட்டிருந்தால் மூவர் பின்னால் இருக்க வேண்டும். கேரளாவுக்கு நாம் கொடுக்கவே கூடாத கோல், நம் கார்னரிலிருந்து அவர்கள் ஓடிவந்து அடிக்கும் கோல்தான். ஸ்டாண்ட் முழுக்க எழுந்து நிற்கும்போது விழும் கோல் அது. அடுத்த பத்து நிமிடத்துக்கு யாருக்கும் குரலே எழும்பாது.

கேரளாவுடன் லீட் எடுத்தால் நிம்மதியாக உட்காரலாமா? (திருவொற்றியூர்)

கூடாது. 2023 நவம்பரில் கொச்சியில் 3-1 என்று முன்னால் இருந்தோம், முடிந்தது 3-3. அதே கொச்சியில் 2020 பிப்ரவரி 1 அன்று நாம் 6-3 என்று ஜெயித்தோம், ஆனால் அவர்களின் ஒக்பெச்சே ஹாட்ரிக் அடித்தார். இந்த டெர்பியில் (அக்கம்பக்கத்து அணிகளின் மோதலில்) அடைத்து ஆடிய மேட்ச்சை விடத் திறந்து ஆடிய மேட்ச்தான் நினைவில் நிற்கிறது.

லீட் எடுத்த பின் கவனிக்க வேண்டியது நம் மிட்ஃபீல்டுக்கும் டிஃபன்ஸ் வரிசைக்கும் நடுவே உள்ள இடைவெளி. டிஃபன்ஸ் பயந்து பின்னால் போகும், ஃபார்வர்டுகள் மேலேயே நிற்பார்கள். நடுவில் முப்பது மீட்டர் மைதானம் காலியாகும். நீண்ட பந்து வந்து தலையில் பட்டு விழும்போது, அந்தக் காலி இடத்தில் விழும் பந்து அத்தனையும் எதிரணிக்கே. ஸ்கோர்போர்டு மாறும் முன்பே அந்த இடைவெளி கண்ணில் படும்.

தடகள ஓடுபாதை குறுக்கே இருப்பதால் கீழ் வரிசையில் ஒன்றும் புரியவில்லை. எங்கே உட்காருவது? (வேளச்சேரி)

ஆட்டம் புரிய வேண்டும் என்றால் நடுக்கோட்டுக்கு நேராக, ஸ்டாண்டின் மேல் பாதியில். கீழ் வரிசையில் வீரர்களுக்கு இடையே உள்ள தூரம் நசுங்கித் தெரியும். பாடுவதற்குத்தான் அந்த இடம். ஆஃப்சைடு கத்தும் முன் ஒன்றை யோசியுங்கள்: கடைசி டிஃபன்டரின் நேர்கோட்டில் நீங்கள் இல்லாவிட்டால், உங்கள் கண் உங்களை ஏமாற்றும். லைன்ஸ்மேன் அந்தக் கோட்டிலேயே ஓடுகிறார். நம் லீக்கில் வி.ஏ.ஆர். (வீடியோ பார்த்து முடிவைத் திருத்தும் முறை) கிடையாது என்பதால் அவர் கொடியை ஏற்று ரெஃப்ரி ஊதினால் அதுதான் இறுதி.

பேனர் செய்ய ஆசை. போன தடவை எழுதியது எதிர் ஸ்டாண்டிலிருந்து படிக்கவே முடியவில்லை. துணி, பெயின்ட் அளவு சொல்லுங்கள் அண்ணா. (பெரம்பூர்)

படிக்க முடியாததற்குக் காரணம் எழுத்தின் உயரம். வசதியாகப் படிக்க, மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை செ.மீ. உயரம் என்பது கணக்கு. எதிர் ஸ்டாண்டு 150 மீட்டர் என்று வைத்தால் 125 செ.மீ. வேண்டும். கோட்டின் தடிமன் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 20 செ.மீ.

“நம்ம சென்னை” என்று எழுதுவதாக வைப்போம். எழுதினால் ஆறெழுத்து. ஆனால் ‘செ’-வின் கொம்பும் ‘னை’-யின் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும், எட்டு இடம் ஆகிவிடும். இடைவெளி சேர்த்து இடத்துக்கு ஒரு மீட்டர், வார்த்தைகளுக்கு நடுவே அரை மீட்டர், இரு ஓரமும் முக்கால் மீட்டர்: மொத்தம் 10 மீட்டர் நீளம். உயரம் 2 மீட்டர் போதும்.

தமிழில் முக்கியமான வேலை புள்ளி. காகிதத்தில் வைப்பது போலச் சின்னதாக, எழுத்தை ஒட்டி வைத்தால் தூரத்தில் அது எழுத்தோடு கலந்து “நமம செனனை” ஆகிவிடும். புள்ளியின் விட்டம் கோட்டின் தடிமன் அளவு, 20 செ.மீ. எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவே 15 செ.மீ. வெற்றிடம். வளையமாக வேண்டாம், நிரப்பிவிடுங்கள்.

துணி: நீலச் சாயம் போட்ட காடா. வெள்ளைத் துணி வாங்கிப் பின்னணிக்கு நீலம் அடிப்பது பெயின்ட் செலவையும் எடையையும்தான் கூட்டும். ஒரு மீட்டர் அகலத் துணி என்றால் இரண்டு பட்டை, மொத்தம் 22 மீட்டர். முதலில் நனைத்துக் காய வையுங்கள், காடா சுருங்கும். பிறகு நீளவாக்கில் மடிப்புத் தையல். மேல் ஓரத்தை எட்டு செ.மீ. மடித்து உள்ளே கயிறு ஓட்டுங்கள். கயிறு இல்லாமல் துணியைப் பிடித்து இழுத்தால் தையல்தான் முதலில் கிழியும்.

பெயின்ட்: சுவருக்கு அடிக்கும் அக்ரிலிக் எமல்ஷன், வெள்ளை. நிரப்ப வேண்டிய பரப்பு சுமார் ஏழு சதுர மீட்டர். துணி உறிஞ்சும் என்பதால் முதல் கோட்டிங்கில் லிட்டருக்கு ஐந்து சதுர மீட்டர்தான் வரும், இரண்டாவதில் எட்டு. ஒரு லிட்டர் டின் மூன்று வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். எழுத்தின் ஓரத்தைத் தண்ணீர் கலக்காத பெயின்ட்டால் முதலில் வரைந்துவிட்டு, பிறகு உள்ளே நிரப்புங்கள். தண்ணீராக இருந்தால் நூல் வழியே கசிந்து ஓரம் பிசிறும். கீழே பாலித்தீன் விரியுங்கள். செய்தித்தாள் விரித்தால் பேனரின் பின்பக்கம் தலையங்கத்தோடு வரும்.

மாடியில் காய வைத்தால் பனி இறங்கும் முன் எடுத்துவிடுங்கள். ஒரு முழு நாள் காயாமல் மடிக்கவே கூடாது. பெயின்ட் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது உரிந்து வரும். பெயின்ட் பக்கம் வெளியே தெரியும்படி பி.வி.சி. குழாயில் சுருட்டுங்கள். அந்தக் குழாயை வாசலில் உள்ளே விட மாட்டார்கள், அதையும் நினைவில் வையுங்கள். பேனருக்கு கிளப்பிடம் அளவையும் வாசகத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவதே நல்லது.

ஒரு ஸ்டாண்ட் பாட்டு ஆரம்பித்தால் அடுத்த ஸ்டாண்ட் தப்பான இடத்தில் தட்டுகிறது. ஏன்? (ராயபுரம்)

அவர்கள் மேல் குற்றமில்லை. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். 150 மீட்டர் தாண்டி வர 0.43 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.5 விநாடி. உங்கள் ட்ரம் சத்தம் அவர்கள் காதில் விழும்போது நீங்கள் அடுத்த தட்டை நெருங்கியிருப்பீர்கள். அவர்கள் அதற்குத் தட்டுவது திரும்பி உங்களிடம் வர இன்னொரு 0.43. எவ்வளவு ஒழுங்காகத் தட்டினாலும் கஞ்சி போலக் குழையும்.

இரண்டு வழி உண்டு. காதை விட்டுக் கண்ணைப் பின்பற்றுங்கள்: எதிரே தெரியும்படி ஒருவர் கையை உயர்த்தி இறக்கட்டும், ஒவ்வொரு ஸ்டாண்டின் ட்ரம்மும் அந்தக் கையைப் பார்த்து அடிக்கட்டும். இல்லையென்றால் சேர்ந்து பாடுவதை விட்டு, கேட்டுச் சொல்லும் பாட்டுக்கு மாறுங்கள். பி ஸ்டாண்ட் கூப்பிட, எதிர் ஸ்டாண்ட் பதில் சொன்னால் தாமதம் இடைவெளிக்குள் மறைந்துவிடும். மஞ்சப்படை (கேரளா ரசிகர் கூட்டம்) திரளாக வந்து ஒரே மூலையில் உட்காருவதால் அவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எண்ணிக்கையில் நாம் அதிகமாக இருந்தும் அவர்கள் சத்தம் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே பாதிக் காரணம். நம் ரசிகர் குழுக்களான சூப்பர் மச்சான்ஸும் பி ஸ்டாண்ட் ப்ளூஸும் முதல் பத்து நிமிடத்துக்கு எந்தப் பாட்டு, எந்த வரிசை என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் மீதிப் பாதியும் தீரும்.

பறை கொண்டுவரலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தோல் பறை கடற்கரை ஊரின் இரவு ஈரத்தில் தளர்ந்துவிடும். உள்ளே தீ மூட்டிக் காய்ச்ச வழியில்லை. ஃபைபர் போட்ட பறை கொண்டுவாருங்கள்.

கோல் கீப்பர் பந்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். நாங்கள் எட்டு எண்ணியும் ரெஃப்ரி ஊதுவதில்லையே? (தாம்பரம்)

2025-26 சீசனிலிருந்து எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர். பழைய ஆறு விநாடி விதியும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்கும் போயாச்சு. ஆனால் பந்து கையில் பட்ட நொடியிலிருந்து கணக்கு இல்லை. கீப்பர் விழுந்து எழுந்து, மேலே யாரும் மோதாமல், பந்து முழுதாக அவர் வசம் வந்த பிறகுதான் ரெஃப்ரி எண்ணத் தொடங்குவார். கடைசி ஐந்து விநாடியைக் கையை உயர்த்திக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துச் சேர்ந்து ஐந்திலிருந்து இறங்கி எண்ணுங்கள். கீப்பருக்குக் கை நடுங்க வேண்டும் என்றால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்.

இந்த மேட்ச்சில் மூன்று பாயின்ட் தவிர வேறென்ன இருக்கிறது? கோல் வித்தியாசம் முக்கியமா? (மதுரவாயல்)

பாயின்ட் சமமானால் பார்க்க, இரு அணிகளும் நேருக்கு நேர் ஆடிய மேட்ச்களின் கணக்கு இருக்கிறது. 2020-21-ல் மும்பை சிட்டியும் ஏ.டி.கே. மோகன் பகானும் ஆளுக்கு 40 பாயின்ட். மோகன் பகானை மும்பை இரண்டு மேட்ச்சிலும் தோற்கடித்திருந்ததால் ஷீல்டு (லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கான பரிசு) மும்பைக்குப் போனது. பாயின்ட் நெருக்கமாக உள்ள அணியுடன் ஆடும்போது டிரா கூட இரட்டை விலை. சீசனுக்கு சீசன் விதி மாறுவதால், தொடக்கத்தில் லீக் வெளியிடும் விதிமுறையில் சமநிலைப் பகுதியை ஒரு தடவை பாருங்கள்.

குழந்தைகளோடு வருகிறோம், முதல் தடவை. (குரோம்பேட்டை)

புறநகர் ரயிலில் பார்க் ஸ்டேஷன், மெட்ரோ என்றால் சென்ட்ரல். அங்கிருந்து பெரியமேடு பக்கம் நடந்தால் கால் மணி நேரம். பைக்கில் வந்தால் ஹெல்மெட்டை உள்ளே விடமாட்டார்கள், பூட்டும் வசதி இல்லாமல் கொண்டுவர வேண்டாம். தண்ணீர் பாட்டில், லைட்டர், பவர் பேங்க் எல்லாம் வாசலில் நிற்கும். ஆறரைக்கு முன் உள்ளே போய்விடுங்கள். டெர்பி நாளில் ஏழு மணிக்கு மேல் வரிசை நகராது. சின்னக் குழந்தை என்றால் ட்ரம்முக்கு நேர் முன்னால் உட்கார வேண்டாம், காதுக்குப் பஞ்சு கொண்டுவாருங்கள்.

கூட்டத்துக்குப் பயந்து 85-ல் கிளம்பினால்? (செங்கல்பட்டு)

2015 ஃபைனலில் 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. 90-ல் அவர்கள் கீப்பர் கட்டிமணியின் ஓன் கோல், இன்ஜுரி டைமில் நம் மெண்டோசாவின் கோல். 3-2, கோப்பை நமக்கு. மேட்ச் ஒன்பதரைக்குள் முடிந்துவிடும், மெட்ரோ பதினொன்று வரை ஓடுகிறது. செங்கல்பட்டு ரயிலுக்கு மட்டும் அன்றைய கடைசி வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.