ரோக்பி: போரைக் காணோம் என்கிறீர்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் வால்டர் ஸ்காட்டின் ‘ரோக்பி’யைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நடக்கும் நெடுங்கவிதை என்றதால் தேடி எடுத்துப் படித்தேன். ஆறு காண்டம், ஒரு மாதம் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். மன்னர் சார்லஸ் எதற்காகப் பாராளுமன்றத்துடன் மோதினார், யார் பக்கம் நியாயம், எதுவுமே இல்லை. போர் முதல் காண்டத்திலேயே ஒருவன் வாய்மொழியாக முடிந்துவிடுகிறது. அப்புறம் புதையல், குகை, மாறுவேடம், காணாமல் போன மகன். போர் வெறும் பின்திரைதானா? ஸ்காட்டின் கவிதைகளை இன்று யாரும் படிக்காததற்கும் இதுதான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பின்திரைதான். அதை ஸ்காட்டே ஒப்புக்கொள்கிறார். கவிதைக்கு முன்னால் ஒரு சிறு அறிவிப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? 1644 ஜூலையில் நடந்த மார்ஸ்டன் மூர் போரை ஒட்டிய காலம் இது, அரசியலையும் படை நடப்பையும் கதையோடு கலக்கும் எண்ணம் தனக்கு இல்லை, அந்தக் குழப்பமான காலம் கதைக்குக் கொஞ்சம் நம்பகத்தன்மை தரும் என்றுதான் தேர்ந்தேன் என்கிறார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்!

ஆனால் போரே இல்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். முதல் காண்டத்தை மறுபடி பாருங்கள். பர்னார்ட் கோட்டையில் நள்ளிரவு. கீழே டீஸ் ஆறு. கோட்டையைக் கையில் வைத்திருக்கும் ஆஸ்வால்ட் தூக்கம் வராமல் கிடக்கிறான். போர்க்களத்திலிருந்து பெர்ட்ரம் வருகிறான், மார்தம் என்பவனைக் கொல்ல ஆஸ்வால்டோடு சதி செய்தவன். வந்தவன் சேதி சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறான். அவன் தின்று முடிக்கும்வரை ஆஸ்வால்ட் ஒரு கணம் நிற்கிறான், ஒரு கணம் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான், ஒவ்வொரு கவளத்துக்கும் மனதுக்குள் திட்டுகிறான். அவனுக்குத் தெரியவேண்டியது யார் ஜெயித்தார்கள் என்பதல்ல. மார்தம் செத்தானா இல்லையா என்பது.

இந்த மூன்று பேரும் எந்தக் கட்சி? மூவருமே பாராளுமன்றக் கட்சி. மார்தம் ஆஸ்வால்டின் சொந்தக்காரன். பெர்ட்ரமுக்குப் பழைய கடற்கொள்ளைக் கூட்டாளி, இப்போது படைத்தலைவன். களத்தின் புகையிலும் கூச்சலிலும் பெர்ட்ரம் எதிரியைக் குறிவைக்கவில்லை. தன் தலைவனையே சுடுகிறான், குதிரையும் ஆளும் சேர்ந்து விழுகிறார்கள். மார்தமின் நிலம் சொந்தக்காரனான ஆஸ்வால்டுக்கு, பொன் பெர்ட்ரமுக்கு என்று பேச்சு. பொன்னுக்கு உனக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு பெர்ட்ரம் கடற்கொள்ளையர் சட்டத்தை எடுத்து விடுகிறான். தோழன் போரில் விழுந்தால் அவன் பங்கு தோழனுக்கு. எதிரி விழுந்தால் அவன் சொத்து வெட்டியவனுக்கு. எந்த விதிப்படி பார்த்தாலும் அது எனக்குத்தான் என்கிறான்.

எனக்கு மொத்தக் கவிதையும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. செத்தவன் தோழனா எதிரியா என்று பெர்ட்ரம் முடிவு செய்யவே தேவையில்லை. நம்மிடம் ‘பங்காளி’ என்று ஒரு சொல் உண்டு. சொத்தில் பங்குள்ளவனும் அவன்தான், வரப்புக்கு வெட்டரிவாள் எடுப்பவனும் அவன்தான். மன்னர், பாராளுமன்றம் என்ற இரண்டு கொடிக்குக் கீழே ஸ்காட் பார்த்தது இந்தப் பங்காளிச் சண்டையை. நாட்டில் இத்தனை பேர் சாகும்போது இந்த ஒரு பிணத்தை யார் விசாரிக்கப்போகிறார்கள்?

இது நான் வலிந்து பொருள் சொல்வதல்ல என்பதற்கு முடிவுக் காட்சி சாட்சி. பெர்ட்ரம் பாழடைந்த எக்ள்ஸ்டன் மடத்துக்குள் குதிரையோடு பாய்ந்து ஆஸ்வால்டைச் சுட்டுக் கொல்கிறானே, அதற்கு மூலம் ஒரு நிஜச் சம்பவம் என்று ஸ்காட் தன் குறிப்பில் எழுதுகிறார். ராபர்ட் பிலிப்சன் என்ற மன்னர் கட்சி வீரர், தன்னை முற்றுகையிட்ட பாராளுமன்ற அதிகாரி பிரிக்ஸைத் தேடி கென்டால் தேவாலயத்துக்குள் குதிரையோடு நுழைந்தார். பிரிக்ஸ் அங்கே இல்லை. பிலிப்சன் தப்பிவிட்டார். அங்கே கட்சிக்கு எதிர்க்கட்சி. ஸ்காட் அதை எடுத்து ஒரே கட்சிக்காரர்கள் இருவருக்கிடையே போட்டுவிட்டார். குதிரை கல்தரையில் சறுக்கி, சேணவார் அறுந்து, பெர்ட்ரம் எழுவதற்குள் ஈட்டிகள் அவனைத் தரையோடு சேர்த்துக் குத்துகின்றன. அவையும் மன்னர் கட்சி ஈட்டிகள் அல்ல.

காணாமல் போன மகன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. ரெட்மண்ட் என்ற இளைஞன் யார் பிள்ளை என்பது பாதியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, பாத்திரங்களுக்கு மட்டும் தெரியாது. டிவி சீரியல்தான். ஆனால் குகையைக் குறை சொல்லாதீர்கள். ரோக்பி ஸ்காட்டின் நண்பர் மோரிட்டின் எஸ்டேட். அங்கே போனதும், கொள்ளையர் ஒளிய ஒரு நல்ல குகையும் சரியான ரகத்தில் ஒரு பழைய கோயிலும் வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறார். குகைப் பக்கம் முளைத்திருந்த காட்டுப் பூக்கள், பூண்டுகளைக்கூட ஸ்காட் குறித்துக்கொள்வதைப் பார்த்து மோரிட்டுக்கு ஆச்சரியம். சாதாரணப் பூக்களே போதுமே என்றாராம். இயற்கையில் எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல் இராது, கண்ணெதிரே இருப்பதை எழுதுபவனுக்குச் சரக்கு தீராது என்பது ஸ்காட்டின் பதில். (ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸின் புகழ்பெற்ற வீனஸ் ஓவியத்தை ‘ரோக்பி வீனஸ்’ என்கிறார்களே, அது அதே மோரிட் வீட்டில் மாட்டியிருந்தது. இன்று ரோக்பி என்றால் பலருக்கும் அதுதான் ஞாபகம் வருகிறது, பாவம் ஸ்காட்.)

ஏன் யாரும் படிப்பதில்லை? கவிதை வந்தது 1813 ஜனவரியில். அதற்குப் பத்து மாதம் முன்னால் பைரனின் ‘சைல்ட் ஹரால்ட்’ கவிதை வந்து லண்டனையே பிடித்துவிட்டது. பைரன் என்னை அடித்துவிட்டார் என்று ஸ்காட் பின்னாளில் தயங்காமல் சொன்னார். 1814இல் பெயர் போடாமல் ‘வேவர்லி’யை வெளியிட்டு நாவலுக்குப் போய்விட்டார். அதிலும் ஓர் உள்நாட்டுக் கலகம்தான், 1745இல் நடந்தது. அங்கே உங்கள் ‘எதற்காக’ என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் உண்டு. அடுத்து அதைப் படியுங்கள்.

‘ரோக்பி’யை மறுபடி எடுப்பதாக இருந்தால் முதல் காண்டமும் ஆறாம் காண்டமும் போதும். இடையே பிரிக்னல் கரையைப் பற்றிய பாட்டை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நான்காம் காண்டத்தில் மார்தமின் நீண்ட முன்கதையை முதல் தடவை நானும் தாண்டித்தான் போனேன்.

அன்புடன்.