நாட்டுப் பருத்திக்குப் பக்கத்தில் பிடி (Bt) பருத்தி நின்றால் நாட்டு விதை கலந்து கெட்டுவிடுமா?

கெடாது. நீங்கள் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி விதைத்திருக்கிறீர்கள், பக்கத்துப் புஞ்சையில் பிடி என்கிற மரபணு மாற்றிய பருத்தி நிற்கிறது, யாரோ வந்து பயம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். இதே பேச்சைச் சொல்லி என் பருத்தியை வேண்டாம் என்றவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் விளாத்திகுளம் பக்கம் மானாவாரிக் கரிசலில் கருங்கண்ணி போடுகிறவன். இயற்கைப் பருத்தி என்று நல்ல விலை பேசிய ஒரு வியாபாரி, வெடிப்பு சமயத்தில் புஞ்சையைப் பார்க்க வந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் பிடி பருத்தி. “அண்ணாச்சி, மகரந்தம் பறந்து வந்திருக்கும், உங்க விதை இனி நாட்டு விதை இல்லை” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். மிச்சமிருந்த பூவைக் காட்டினேன்: நல்ல மஞ்சள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் உள்ளூர்க் கமிஷன் கடையில் கேட்ட விலைக்குப் போட்டேன். விலையைவிட, தலைமுறையாகக் காத்த விதையைக் கலப்படம் என்று சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு பருத்தி ஆராய்ச்சியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் சொன்னதும் அப்புறம் நான் படித்ததும் இதுதான். கருங்கண்ணி ஆர்போரியம் என்ற இனம், அதன் குரோமோசோம் (செல்லுக்குள் மரபுப் பண்பைச் சுமக்கும் இழை) 26. கடையில் பிடி என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் ஹிர்சூட்டம் என்ற வேறு இனம், குரோமோசோம் 52. தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதை பிடிப்பதே அபூர்வம். பிடித்தாலும் தாய் தகப்பன் ஒவ்வொன்றிலும் பாதிதான் வரும் என்பதால், அந்தச் செடிக்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 26, மொத்தம் 39. ஜோடி சேர முடியாததால் அது மலடாக நிற்கும், உங்கள் விதைக்குள் அது நுழைய வழியில்லை.

இத்தனைக்கும் இரண்டும் சொந்தக்காரச் செடிகள். 50 லட்சத்திலிருந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன்பு பருத்தி வம்சம் பிரிந்தபோது ஒரு கிளை ஆப்பிரிக்கப் பக்கம், இன்னொன்று அமெரிக்கப் பக்கம். நம் கருங்கண்ணியும், உப்பம் என்ற இன்னொரு நாட்டுப் பருத்தியும் முதல் கிளை. அமெரிக்கக் கிளையில் நூற்கிற மாதிரிப் பஞ்சே கிடையாது. சுமார் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்கக் கிளையின் விதை ஒன்று அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடல் நீரில் கிடந்தாலும் முளைக்கக்கூடிய விதை அது. அங்கே பெரு நாட்டு ரைமாண்டி என்ற காட்டுப் பருத்தியை ஒத்த ஒரு செடியின் மகரந்தம் இதன் பூவில் விழுந்தது. தாய் ஆப்பிரிக்கக் கிளை, தகப்பன் அமெரிக்கக் கிளை. பிறந்தது மலடாகத்தான் போயிருக்கும், ஆனால் அதன் குரோமோசோம் முழுவதும் இரட்டித்ததால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்துப் புது இனமாக நின்றுவிட்டது. ஹிர்சூட்டமும், நீள இழை பார்படென்ஸும், ஹவாய், கலாபகஸ் தீவுகளில் உள்ள காட்டுப் பருத்திகளும் அந்தச் சந்ததிதான். 1940-ல் அமெரிக்காவில் பீஸ்லி என்பவர் ஆர்போரியத்தையும் ஓர் அமெரிக்கக் காட்டுப் பருத்தியையும் கலந்து, குரோமோசோமை இரட்டிக்கச் செய்து, அது ஹிர்சூட்டத்தோடு சேர்கிறது என்று காட்டினார்.

“1972-ல் கர்நாடகத் தார்வாடில் வந்த வரலட்சுமி என்ற ஒட்டுப் பருத்தி இரண்டு இனம் கலந்ததுதானே” என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், ஹிர்சூட்டமும் பார்படென்ஸும் கலந்தது. இரண்டுமே 52. அதிலும் முதல் தலைமுறைதான் செழிப்பு. அதன் விதையை எடுத்துப் போட்டால் செடி பல விதமாகப் பிரிந்து, நோஞ்சானும் சேர்ந்து வரும். கையால் மகரந்தம் தடவி, கருவைக் காப்பாற்றி, மருந்து வைத்து 26-ஐயும் 52-ஐயும் சேர்க்கிறார்களே என்றால் அதுவும் உண்மைதான், அது ஆய்வுக்கூட வேலை. வரப்பு தாண்டி நடப்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கருங்கண்ணியும் உப்பமும் ஒரே 26. உப்பம் ஹெர்பேசியம் என்ற தனி இனம் என்றாலும் இரண்டும் தாராளமாகக் கலக்கும், அடுத்த தலைமுறையில் நலிந்த செடிகள் வரும். கருங்கண்ணியிலேயே வேறு ரகம் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். ஆகவே நாட்டுப் பருத்திக்குப் பக்கத்தில் இன்னொரு நாட்டுப் பருத்தி இருந்தால்தான் இடைவெளி விட வேண்டும். இதை எந்த வியாபாரியும் கேட்டு நான் பார்த்ததில்லை.

   

சரி, விதை உண்மையில் கலக்கிற இடம், பஞ்சையும் கொட்டையையும் பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி. முன்னால் ஓடிய பிடி பருத்தியின் கொட்டை மிஷினுக்குள் தங்கியிருக்கும். விதைக்கென்று நடுப்புஞ்சையில் நல்ல செடியாகப் பார்த்துத் தனியாக எடுங்கள். அதைக் கை மணையில் அரைத்துக் கொட்டையைப் பிரித்துக்கொள்ளுங்கள், பேக்டரிக்கு அனுப்ப வேண்டாம்.