மே மாதம் பார்த்தவரை ஐப்பசியிலும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 23 வயது, சொந்த ஊர் மதுரை. இரண்டு வருஷத்துக்கு முன்பு மே மாதம் கொடைக்கானலில் சித்தி வீட்டில் தங்கியிருந்தபோது, ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடும் குடும்பத்துப் பையனோடு பழக்கமானது. அவருக்கு 25 வயது, கத்தோலிக்கர். நாங்கள் இந்து, ஜவுளிக்கடைக் குடும்பம். போன கோடையிலும் போனேன். இப்போது சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். அந்த நாட்களை நினைத்தாலே மனசு அங்கே போய்விடுகிறது. இது வெறும் கோடை மயக்கமா? மதம் மாறாமல் கல்யாணம் செய்துகொள்ள முடியுமா? சென்னையில் ரிஜிஸ்டர் செய்தால் வீட்டுக்குத் தெரியாது என்கிறாள் தோழி. உண்மையா?

பதில்: நீங்கள் அவரைப் பார்த்ததெல்லாம் சீசனில்தான். அப்போது ஏரியைச் சுற்றி கூட்டம் நெரியும், கையில் காசு புரளும், எல்லோர் முகமும் மலர்ந்திருக்கும். ஐப்பசி மழையில் சைக்கிள்கள் நனைந்தபடி சும்மா நிற்கும்போது ஒரு நடை போய் வாருங்கள். சீசன் சம்பாத்தியம் எத்தனை மாதம் தாங்கும், கடன் எவ்வளவு, நீங்கள் வேலையை விடுவதா, அவர் மலையிறங்குவதா என்று ரூபாய்க் கணக்கோடு பேசுங்கள். அவர் இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

மதம் மாற வேண்டியதில்லை. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முதலில் 'கல்யாணம் செய்யப்போகிறோம்' என்று திருமணப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் உங்களில் ஒருவராவது அதற்கு முன் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் முகவரிச் சான்றுக்கு இப்போதே கேட்டு வையுங்கள். பலருக்கு இங்கேதான் இழுபறி. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். நோட்டீஸ் 30 நாள் அலுவலகப் பலகையில் இருக்கும். ஜூன் 2-ல் கொடுத்தால் ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதக் கெடு முடிவதற்குள் மூன்று சாட்சிகளோடு கல்யாணத்தை முடிக்க வேண்டும். கெடு தாண்டினால் புது நோட்டீஸ்தான்.

தோழி சொன்னது தப்பு. நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். மதுரையில் ஒட்டினால் உங்கள் கடைத்தெருவுக்குச் செய்தி வர எவ்வளவு நேரமாகும்? ஆனால் 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதைச் சட்டம் ஆட்சேபமாக ஏற்காது. வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவற்றை வைத்துத்தான் ஆட்சேபிக்க முடியும்.

'ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்' என்று வரும் புரோக்கரை நம்பாதீர்கள். கோயிலில் தாலி கட்டவைத்து இருவரையும் இந்து என்று எழுதிப் பதிந்துவிடுவார்கள். மதம் மாறாத கிறிஸ்தவரோடு இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவர் வீட்டில் சர்ச்சில்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. 1872-ம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டத்துக்கு ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும். கத்தோலிக்க சர்ச்சில் ஆயரின் (பிஷப்பின்) விதிவிலக்கு வாங்க வேண்டும். அதற்காக, பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்வதாக உங்களை மணக்கப்போகிறவர் வாக்குக் கொடுப்பார். உங்களுக்கும் அதைத் தெரிவிப்பார்கள். பங்குத்தந்தை முன்னால் உட்கார்ந்த பிறகு யோசிக்கிற விஷயமில்லை இது. ஐப்பசிப் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொத்தில் பங்கு போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால் கூட்டுக்குடும்பத்திலிருந்து பிரிந்ததாகக் கணக்கே தவிர, வாரிசுரிமை போகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அது வேறு விஷயம்.

அடிதடி பயம் இல்லாத வீடு என்றால், பலகையில் ஒட்டுவதற்கு முன் நீங்களே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். சித்தியை முதலில் உங்கள் பக்கம் இழுத்தால் பாதி வேலை முடியும். மிரட்டல் வரும் என்று தோன்றினால் வீட்டில் முன்கூட்டியே சொல்லாதீர்கள். நோட்டீஸ் கொடுக்கும் முன்பே போலீஸில் எழுத்துமூலம் பாதுகாப்புக் கேட்டு ரசீது வாங்கி வையுங்கள். பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.