"சொல்லி அனுப்புகிறோம்" என்றவர்கள் சொல்லாமலே இருந்தால்

அம்மா, அன்றைக்கு நீங்கள் போன் செய்தபோது நான் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது, மீதிக்குச் சும்மா "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றுவிட்டேன். அதற்காகத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த மாதம் இதே கேள்வியோடு என்னிடம் வந்த நாலாவது வீடு உங்களுடையது, மற்றவர்களும் படிக்கட்டும்.

உங்கள் பையன், நம் தம்பி, மெக்கானிக்கல் முடித்தவன். மன்னார்குடி வந்து மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடிந்ததும் சென்னைக்குப் பக்கத்து ஒரகடம் போய் ஒரு கம்பெனியில் இரண்டு ரவுண்டு பேசிவிட்டு வந்தான். மேனேஜர் சிரித்துப் பேசினார், எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்டாராம். ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றவர்கள் ஐந்து வாரமாகியும் வாய் திறக்கவில்லை. தம்பி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறான், வேறு எதற்கும் அப்ளை பண்ணச் சொன்னால் "இதுதான் கிடைத்துவிடுமே" என்கிறான். நீங்கள் கேட்டது மூன்று: கிடைக்குமா, நானே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கட்டுமா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா.

மனுவை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். இன்டர்வியூவுக்கு வந்தவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியார் கம்பெனியைக் கட்டிப்போடும் சட்டம் நம் நாட்டில் இல்லை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் அப்படி ஒரு விதி வந்திருக்கிறது: 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமானால், விளம்பரம் கொடுத்து இன்டர்வியூ நடத்தியவர்கள் 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று வந்தவருக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு அது எப்போது வருமோ. ஆனால் அரசுத் துறை, அரசு நிறுவனம் என்றால் கதை வேறு. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி, தேர்வு நிலை என்ன என்று கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரகடத்துக் கம்பெனியிடம் அது செல்லாது.

கிடைக்குமா? எனக்குத் தெரியாது, உண்மையைச் சொன்னால் அந்த மேனேஜருக்கே தெரியாமலிருக்கலாம். நீங்கள் கடைமடைக்காரர், உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜூன் 12 மேட்டூர் திறந்தாயிற்று என்று பேப்பரில் படித்த அன்றைக்கே உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுகிறதா? கல்லணைக்கு வரவேண்டும், அங்கே பிரித்து விட வேண்டும், அப்புறம் எத்தனை மதகு, எத்தனை ஊர்க்காரர் முறை. மேனேஜருக்குப் பையனைப் பிடித்துப்போனது மேட்டூர் திறந்த மாதிரிதான். அதற்குக் கீழே எச்ஆர் என்கிற ஆள் எடுக்கும் பிரிவு, சம்பள பட்ஜெட், தலைமை அலுவலக ஒப்புதல் என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். அந்த வேலையையே திடீரென்று நிறுத்தி வைத்திருப்பார்கள், அதை வெளியில் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு சங்கதி உண்டு, பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பல இடங்களில் முதல் ஆளுக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு இரண்டாவது ஆளிடம் ஒன்றும் சொல்லாமல் கையில் வைத்துக்கொள்வார்கள். முதல் ஆள் ஏற்கெனவே வேலையில் இருப்பவராயிருந்தால் அவருக்கு ஒரு மாதம், சில இடங்களில் மூன்று மாதம்கூட நோட்டீஸ் இருக்கும். கடைசி நாளில் அவர் வரவில்லை என்றால் அப்போது உங்கள் பையனுக்கு மணி அடிக்கும். "இல்லை" என்று இப்போதே சொல்லிவிட்டால் அந்த வசதி போய்விடுமே! அநியாயம்தான், ஆனால் அவர்கள் கணக்கு அது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்றால் நம் வீடுகளில் அர்த்தம் எல்லோருக்கும் புரியும், கம்பெனிக்காரன் அதையே இங்கிலீஷில் சொன்னால் மட்டும் ஏன் சத்தியம் என்று எடுத்துக்கொள்கிறோமோ தெரியவில்லை.

அடுத்து, நீங்கள் போன் செய்யவே கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவோ அப்பாவோ பேசினால் அந்தப் பக்கம் "இந்தப் பையனுக்காக வீட்டிலிருந்து பேசுகிறார்கள்" என்றுதான் நினைப்பார்கள், இருக்கிற வாய்ப்பும் போகும். அங்கே வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட மாமா மூலமாக விசாரிப்பது பரவாயில்லை, என்ன நிலைமை என்று கேட்பதோடு நிற்கட்டும், சிபாரிசாகப் போக வேண்டாம்.

கேட்க வேண்டியது தம்பி. வாட்ஸ்அப்பில் வேண்டாம், நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று. இன்டர்வியூவுக்கு அழைத்து ஒரு மெயில் வந்திருக்குமே, அதற்கே பதிலாக அனுப்பட்டும், அப்போதுதான் பழைய விவரமெல்லாம் கீழேயே இருக்கும். நாலு வரி போதும்: எந்த வேலை, எந்தத் தேதியில் யாரிடம் பேசினேன், இன்னும் சேர விருப்பமாக இருக்கிறேன், முடிவு எப்போது தெரியும். "தயவுசெய்து, தயவுசெய்து" என்று கெஞ்சல் வேண்டாம், "ஐந்து வாரமாயிற்றே" என்ற குத்தலும் வேண்டாம். அவர்கள் சொன்ன கெடு தாண்டி இரண்டு மூன்று வேலை நாள் கழித்து இதை அனுப்பியிருக்க வேண்டும், போகட்டும், இன்றைக்கு அனுப்பட்டும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் இன்னொரு மெயில், அல்லது ஆபீஸ் நேரத்தில் ஒரே ஒரு போன். அதற்கப்புறம் நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கம்பெனி பெயர் மேல் ஒரு கோடு. பிறகு கூப்பிட்டால் போய்க்கொள்ளலாம், அது வேறு.

இதற்கு நடுவில் வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டால் அதைச் சொல்லிக் கேட்கலாம்: "இன்னோர் இடத்தில் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள், அதற்குள் உங்கள் முடிவு தெரியுமா?" ஊமையாக இருந்த எச்ஆர் அரை நாளில் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லக் கூடாது, லெட்டரைக் காட்டு என்றால் முழிக்க வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, நான் செய்தது என்ன தெரியுமா? 1998ல் திருச்சியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு வந்து, தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயத்தில் தஞ்சாவூரில் கிடைத்த ஒரு வேலையையும் வேண்டாம் என்றேன். திருச்சியிலிருந்து கடிதம் வரத்தான் வந்தது, ஏழு மாதம் கழித்து, "வருந்துகிறோம்" என்று. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் வயலுக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சென்னைக் கம்பெனி மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம், நகைக்கடை, மருத்துவமனை எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்புகிறோம்" உண்டு. சிலர் அதோடு ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் "இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கொடுக்காதீர்கள். காட்டலாம், ஜெராக்ஸ் தரலாம், அவ்வளவுதான். பதிலும் வராமல் டிகிரி சர்ட்டிபிகேட்டும் கையில் இல்லாமல் பிள்ளைகள் அடுத்த இன்டர்வியூவுக்குப் போக முடியாமல் அலைவதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று கவனம். இப்படிக் காத்திருக்கும் வீட்டைத்தான் ஏமாற்றுக்காரன் தேடுகிறான். திடீரென்று ஒரு நம்பரிலிருந்து "செலக்ட் ஆகிவிட்டீர்கள், வெரிபிகேஷனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டுங்கள்" என்று வரும். அத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு அந்தக் குரல் தேன் மாதிரி இருக்கும். பணம் கேட்டால் அது வேலை இல்லை, கட்டிவிட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

இப்போதைக்குத் தம்பி செய்ய வேண்டியது: இன்றைக்கு அந்த மெயில், இந்த வாரத்துக்குள் இன்னும் ஐந்தாறு இடத்துக்கு விண்ணப்பம். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு செய்யட்டும், காசு கிடையாது. திருவாரூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அடுத்த முகாம் எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டுக்கொண்டு, ரெஸ்யூம் ஐந்து காப்பி எடுத்துக்கொண்டு போகட்டும். மெயிலை அனுப்பும் முன் ஒரு முறை நான் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் அவனே அனுப்பட்டும் அம்மா, நீங்கள் வேண்டாம்.