இன்வெர்ட்டர் இருந்தும் கம்ப்யூட்டர் அணைகிறதா? யுபிஎஸ் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. தனியாக யுபிஎஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: உடனே வாங்க வேண்டாம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடுக்கு மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

பேட்டரிக்கு மாற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள கெபாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் தேங்கியிருக்கும். முழு லோடில் அது சுமார் 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்கும். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுக்கலாம். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ் பொதுவாக 10 மில்லிசெகண்டுக்குள் மாறிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் ஏற்றுக்கொள்ளும் வோல்டேஜ் வரம்பு குறுகலானது. வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் இடமென்றால் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிக்கொண்டிருக்கும். அப்படியானால் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி யுபிஎஸ் நல்லது. கடையில் ‘லைன் இன்டராக்டிவ்’ வகையைக் கேளுங்கள். அதில் உள்ள ஏவிஆர் என்ற வோல்டேஜ் சீராக்கி, வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரியைத் தொடாமலே சரிசெய்துகொள்ளும்.

“ஒருமுறை அணைந்தால் என்ன, மறுபடி ஆன் செய்துகொள்ளலாமே” என்று விட்டுவிடாதீர்கள். சேவ் செய்த ஃபைல்கூட உடனே டிஸ்க்குக்குப் போய்விடுவதில்லை. சில விநாடிகள் மெமரியில் காத்திருக்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் அந்த மாற்றம் போனதுதான். சிஸ்டம் அப்டேட் ஓடும்போது போனால் கம்ப்யூட்டர் பூட் ஆகாமலே நின்றுவிடலாம். பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் என்றால் மதர்போர்டே முடங்கக்கூடும்.

கேள்வி: யுபிஎஸ் பெட்டியில் 600 விஏ என்று இருக்கிறது. 600 வாட் வரை போடலாமா?

பதில்: கூடாது. விஏ என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய எண்; கருவி உண்மையில் எடுக்கும் மின்சாரத்தைச் சொல்லும் வாட் கணக்கு வேறு. 600 விஏ என்று விற்கும் பல சிறிய யுபிஎஸ்களின் தாங்குதிறன் 360 வாட்தான். பெட்டியில் வாட் எவ்வளவு என்று தேடிப் படியுங்கள்; விற்பவர் விஏவை மட்டுமே சொன்னால் விடாமல் கேளுங்கள்.

எழுத்து வேலைக்கான டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 100 முதல் 150 வாட் வரை எடுக்கும். அதற்கு இது தாராளம். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் போதாது. அப்புறம், எஸ்எம்பிஎஸ் ‘ஆக்டிவ் பிஎஃப்சி’ வகை (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சர்க்யூட் உள்ளது) என்றால் சைன் வேவ், அதாவது மெயின் லைனைப் போலவே சீரான அலை தரும் யுபிஎஸ் வாங்குவதே பாதுகாப்பு.

சிறிய யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்றுதான் இருக்கும். பெருக்கினால் 84 வாட் ஹவர். வேகமாகக் காலியாகும்போது அதிலும் ஒரு பங்கு வீணாகும். 100 வாட் லோடில் கால் மணி நேரம் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையைச் சேவ் செய்து முறையாக ஷட் டவுன் செய்வதற்கான நேரம் அது. யுஎஸ்பி கேபிள் உள்ள மாடலாக இருந்தால், நீங்கள் அருகில் இல்லாதபோதும் கம்ப்யூட்டரே தன்னை மூடிக்கொள்ளும்படி அமைத்துவிடலாம்.

லேசர் பிரிண்டரை மட்டும் அதில் சொருகாதீர்கள். சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்துக்குச் சிறிய யுபிஎஸ் ஓவர்லோடு ஆகி நின்றுவிடும்.

கேள்வி: மூன்று வருட யுபிஎஸ். கரண்ட் போனதும் பீப் அடித்து உடனே அணைகிறது. புதிதாக வாங்கலாமா?

பதில்: பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளே ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வருடம்தான், வெப்பமான மூலையில் வைத்தால் இன்னும் குறையும். அதே வோல்ட், அதே ஆம்பியர் ஹவர், அதே அளவு பார்த்து வாங்குங்கள். பழையதைக் குப்பையில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்.